சாயத் தண்ணீருக்கு எது தோது: அன்னபேதியா, கரியா, அடுக்கு வினையூக்கியா?

100 கிலோ சிட்டம் நூலுக்கு (வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்) சாயம் ஏற்றி முடித்தால் எங்கள் பட்டறையிலிருந்து ஏறக்குறைய 9,000 லிட்டர் தண்ணீர் வெளியே போகிறது. அதை என்ன செய்வது என்பதுதான் இரண்டு மாதமாக வீட்டில் பேச்சு. எங்கள் பட்டறை என்றால் சித்தப்பாவுடையது. நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்தில் இருக்கிறது. நைனா தறி ஓட்டினார், சித்தப்பா சாயத்துக்குப் போனார், நான் திருப்பதியில் வேதியியல் படித்தேன். அதனால் "தண்ணி விஷயம் நீயே பாத்துச் சொல்லும்மா" என்று பொறுப்பு என்னிடம் வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேரும், "நீங்க எத வைக்கிறீங்களோ அதயே நாங்களும் வச்சிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். நான் தப்பாகச் சொன்னால் மூன்று குடும்பத்துக் காசு போய்விடும்.

ஆறும் போய்விடும். எங்கள் பக்கம் குசஸ்தலி என்று சொல்கிற நகரி ஆறு, கீழே போய்ப் பூண்டி ஏரியின் நீர்ப்பிடிப்பில் கொசஸ்தலையோடு சேர்கிறது. 1944-இல் கட்டிய அந்த ஏரித் தண்ணீரையும் சென்னை குடிக்கிறது. 1960-இல் எல்லை போட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திரப் பக்கம் நின்றது. ஆனால் நாங்கள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை ஊர்களோடுதான். நாங்கள் திறந்துவிடும் தண்ணீர் இறங்கும் கிணறு எங்கள் சம்பந்தி வீட்டுக் கிணறாகவே இருக்கலாம்.

சரி, அந்த 9,000 லிட்டரில் என்ன இருக்கிறது? நாங்கள் போடுவது பெரும்பாலும் நூலோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயம், அதிலும் கோல்ட் பிராண்ட். தண்ணீரைக் காய்ச்சாமலே நூலில் ஏறும், விறகு மிச்சம். ஆனால் நூலைப் பிடிப்பதற்கு முன்பே கொஞ்சம் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். செத்த சாயம் அப்புறம் எந்த நூலிலும் ஏறாது. பத்தில் ஒரு பங்கிலிருந்து, சில கலரில் பத்தில் நாலு பங்கு வரை இப்படித் தண்ணீரோடு வெளியே வரும். அதோடு சோடா, சோப்பு, முக்கியமாக உப்பு. சாயத்தை நூல் பக்கம் தள்ள லிட்டருக்கு 50 கிராம் வாக்கில் உப்புப் போடுகிறோம். சாயத்தொட்டியில் 1,500 லிட்டர் என்றால் 75 கிலோ உப்பு. எல்லா அலசல் தண்ணீரோடும் கலந்து விட்டாலும் லிட்டருக்கு 8,000 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும். ஆறு ஏரியில் விடுகிற கழிவுநீருக்கு விதித்திருக்கும் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு வகைகள்) வரம்பு 2,100. தண்ணீரில் உள்ள அழுக்கை அளக்கும் சி.ஓ.டி. 250, அதில் கிருமிகள் தின்னக்கூடிய பங்கை அளக்கும் பி.ஓ.டி. 30.

உப்பைப் பற்றி இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்க வருகிறவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள், சிலர் சொல்வதே இல்லை. அன்னபேதி (இரும்பு சல்பேட்), கரி, வெயிலில் சாயத்தைச் சிதைக்கும் அடுக்கு வினையூக்கிப் பொடி, எதைப் போட்டாலும் உப்பு அப்படியே நிற்கும். ஆர்.ஓ. வைத்துப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆன தண்ணீரும் நெல் வயலைக் கெடுக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழி அன்னபேதியும் சுண்ணாம்பும். தொட்டியில் போட்டுக் கலக்கி ஒரு ராத்திரி விட்டால் அடியில் கறுப்பும் பச்சையுமாகச் சகதி இறங்கும், மேல் தண்ணீர் தெளியும். படிகாரத்தைவிட இது ரியாக்டிவ் சாயத்துக்கு நன்றாகக் கேட்கிறது. காரணம் இருக்கிறது. ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் முழுசாகக் கரைந்து கிடப்பதால் திரட்டிப் படியவைப்பது கஷ்டம். வாட் சாயம், கந்தகச் சாயம் போலத் துகளாக மிதப்பது என்றால் படிகாரமே போதும். அன்னபேதியில் இருக்கும் இரும்பு, சுண்ணாம்புக் காரத்தில், பெரும்பாலான சாயங்களின் நிறத்துக்குக் காரணமான நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பையே உடைத்துவிடுகிறது. நிறம் போவதில் இந்த உடைப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள். சாயத்தைப் பொறுத்து அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கும். அந்தக் காரணத்துக்காகத்தான் 1990-களில் பென்சிடின் வகையும் வேறு சில அசோ சாயங்களுமாக (அந்த நைட்ரஜன் பிணைப்பு உள்ளவை) 112 சாயங்களை இந்தியாவில் தடை செய்தார்கள். நாங்கள் வாங்கும் டின்னில் அவை இல்லை என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். இருந்தாலும் நிறம் போனது என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சகதி வேறு இருக்கிறது. அது சட்டப்படி அபாயகரக் கழிவு. எங்கள் பட்டறைக்குப் பின்னால் பழைய மூட்டைகள் தார்ப்பாய் போட்டுக் கிடக்கின்றன. இரண்டு மழைக்கு முன்னால் ஒரு மூட்டை கிழிந்து, பக்கத்து வேப்பமரத்தடி வரைக்கும் துரு நிறத்தில் ஓடியிருந்தது. சித்தி அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அன்னபேதியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விலை மலிவு, மின்சாரம் வேண்டாம், ஆள் பழக்கம் வேண்டாம். அழுக்கு நிறைய உள்ள தண்ணீருக்கு இதைவிடக் கைக்கெட்டிய வழி இல்லை. என் முடிவிலும் இதற்கு இடம் இருக்கிறது.

கரியைப் பற்றிப் பலருக்கும் ஒரு நினைப்பு: கொட்டாங்குச்சிக் கரி என்றால் எதையும் உறிஞ்சும் என்று. குடிதண்ணீர் வடிகட்டிக்கு அது அருமை. ஆனால் அதன் துளைகள் ரொம்பச் சின்னவை, பெரும்பாலும் 2 நானோமீட்டருக்குள். ரியாக்டிவ் சாய மூலக்கூறு பெரிய உடம்புக்காரன், அந்தச் சந்துக்குள் சரியாக நுழைய மாட்டான். துளை பெரிதாக உள்ள மரக்கரி இதற்குத் தேவலை. ஒரு நன்மை, தண்ணீரில் உப்பு இருந்தால் கரி சாயத்தை இன்னும் நன்றாகவே பிடிக்கும். தீமை, கரி நிறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும், அல்லது சூளைக்கு அனுப்பிச் சூடேற்ற வேண்டும். பிடித்த சாயம் அதற்குள்ளேயே இருக்கும்.

ஃபென்டன் முறை பழசு, 1894-லேயே தெரிந்தது. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற மகா வேகமான ஒன்றை உண்டாக்கும். அது சாயத்தைத் துண்டு துண்டாக எரிக்கும், அமீனையும் விடாது. வேதியியல் படித்தவளாக எனக்கு இதன் மேல் ஒரு பிரியமே உண்டு. ஆனால் இது pH 3 பக்கத்தில்தான் நன்றாக ஓடும். சோடா போட்ட எங்கள் தண்ணீர் 11-இல் இருக்கிறது. அமிலம் ஊற்றி 3-க்கு இறக்கி, வேலை முடிந்ததும் சுண்ணாம்பு போட்டு 7-க்கு ஏற்ற வேண்டும். இறக்க ஊற்றிய அமிலமும் ஏற்றப் போட்ட சுண்ணாம்பும் பெரும்பங்கு டி.டி.எஸ். கணக்கில்தான் போய்ச் சேரும். அதோடு பட்டறையில் அலசுகிற அக்காக்கள் வெறுங்காலோடு நிற்கும் இடத்தில் அமில கேனும் பெராக்சைடு கேனும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஓசோன் நிறத்தை நிமிடங்களில் எடுக்கும், கரண்டும் பராமரிப்பும் எங்கள் அளவுக்கு ஒத்துவராது. இரும்புத் தகட்டில் மின்சாரம் விடும் முறைக்கு எங்கள் உப்புத் தண்ணீர் ரொம்பத் தோது, கரண்டை நன்றாகக் கடத்தும். ஆனால் கடைசியில் அதுவும் சகதிதான் தருகிறது. பாக்டீரியாத் தொட்டி மட்டும் வைத்தால் ரியாக்டிவ் சாயம் பெரும்பகுதி அப்படியே கடந்து போகும்.

அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம். திருப்பூர் கதை எல்லாருக்கும் தெரியும். நொய்யலில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறம் ஆர்.ஓ., ஆவியாக்கி என்று ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்தார்கள். உப்புக்கு உண்மையான பதில் அதுதான். உப்புத் தண்ணீரைத் திரும்பச் சாயத்தொட்டிக்கே கொண்டுவரும் வரைக்கும் அங்கே போயிருக்கிறார்கள். ஆனால் அது நிறையப் பட்டறைகள் சேர்ந்து தாங்கும் செலவு. மூன்று பட்டறையால் ஆகாது. நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் எல்லாம் ஒன்று சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம். அது வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது.

இப்போது அடுக்கு வினையூக்கிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

போன கார்த்திகையில் ஒருவர் வெள்ளைப் பொடி கொண்டுவந்தார். அவரே ஒரு பாட்டிலில் நீலத் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். ஒரு கரண்டி பொடி போட்டுக் குலுக்கி வெயிலில் வைத்தார். ஒரு மணி நேரத்தில் நீலம் காணோம். சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, டீ சொல்லிவிட்டார். அந்த நீலம் மெத்திலீன் நீலம். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக எடுப்பது அதுவும் மெத்தில் ஆரஞ்சும் ரோடமின்-பியும்தான். மெத்திலீன் நீலம் தானே வெளிச்சத்தை உறிஞ்சித் தானே சிதையவும் கூடியது. எங்கள் தொட்டியில் அது இல்லவே இல்லை.

அதனால் அவர் விட்டுப்போன பொடியை எடுத்து, எங்கள் மூன்றாம் அலசலின் சிவப்புத் தண்ணீரில் நான் மறுபடி பார்த்தேன். இரண்டு பாட்டில். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு பொடி. ஒன்றை மாடியில் மிளகாய் காயப்போடும் இடத்தில் வைத்தேன். இன்னொன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் இரண்டு பாட்டிலுமே தெளிந்திருந்தன. இருட்டில் கிடந்ததும்! அடியில் பொடி குங்குமம் மாதிரி சிவந்திருந்தது. அதாவது சாயம் எரியவில்லை, பொடியில் ஒட்டிக்கொண்டது. இருட்டுப் பாட்டில் பொடியை வடித்து அதில் சலவைச் சோடா கரைத்து ஊற்றினேன். தண்ணீர் திரும்பச் சிவந்தது. "அப்ப இத்தன நேரம் ஒளிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சா?" என்று சித்தப்பா கேட்டார். ஆமாம், அதுவேதான்.

அதோடு விட்டிருந்தால் பொடியை ஏமாற்று என்று சொல்லியிருப்பேன். வெயில் பாட்டிலை மட்டும் மாடியிலேயே இன்னும் இரண்டு நாள் விட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அதன் அடிப்பொடி ரோஸாகி, அப்புறம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. அதில் சோடா ஊற்றினால் லேசாக ஒரு சாயல் வந்தது, அவ்வளவுதான். அப்போது புரிந்தது. இந்தப் பொருள் சாயத்தைச் சீக்கிரம் பிடிக்கிறது, மெதுவாக எரிக்கிறது. பிடிப்பது ஒரு வேலை, எரிப்பது இன்னொரு வேலை. விற்க வந்தவர் நிறம் மறைந்ததை மட்டும் காட்டி எல்லாம் எரிந்ததாகச் சொன்னார்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை மேல் இலையாக அடுக்கியிருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு என்கிற பொருளும் அப்படித்தான். துத்தநாகமும் அலுமினியமும், அல்லது மெக்னீசியமும் அலுமினியமும் கலந்த மெல்லிய தகடுகள். தகடு நேர்மின்சுமை உள்ளது, அதைச் சரிக்கட்ட நடுவில் எதிர்மின்சுமை உள்ள அயனிகள் உட்கார்ந்திருக்கும். இயற்கையிலேயே ஹைட்ரோடால்சைட் என்ற கனிமமாக இது கிடைக்கிறது, 1842-லேயே தெரிந்தது. ரியாக்டிவ் சாயத்தில் சல்போனேட் தொங்கல்கள் இருப்பதால் அது எதிர்மின்சுமை உள்ளது. நேரும் எதிரும் இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் இருட்டிலும் வேலை நடந்தது. சோடாவில் உள்ள கார்பனேட்டுக்கு அந்த இடத்தின் மேல் சாயத்தைவிட ஆசை அதிகம். வந்தவுடன் சாயத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். களிமண் வகை அடுக்குகளில் இது தலைகீழ். அவற்றின் தகடு எதிர்மின்சுமை உள்ளது, மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயங்களைத்தான் பிடிக்கும். எங்கள் சாயத்துக்குக் களிமண் கூட்டு என்று யாராவது கொண்டுவந்தால் இதைக் கேட்டாலே போதும்.

கூட்டு என்று சொல்வது, இந்தத் தகடுகள் மேல் வெளிச்சத்தை உண்ணும் இன்னொரு பொருளைப் படியவைப்பதை. டைட்டானியம் டை-ஆக்சைடுதான் பழைய ஆள். 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதை வைத்து ஒளியால் தண்ணீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்தத் துறையே கிளம்பியது. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் ஒரு எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிர்தான் அதை எழுப்பும். சூரிய வெளிச்சத்தில் அது 5 சதவீதத்தைத் தாண்டாது. நகரி மூக்கு மலையில் கல் காயும் சித்திரை வெயிலிலும் அதே பங்குதான். கிராஃபைட் மாதிரி அடுக்காக இருக்கும் கார்பன் நைட்ரைடு 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரை, ஊதா நீல வெளிச்சத்தையும் உண்ணும். யூரியாவை மூடிய பாத்திரத்தில் 550 டிகிரிக்குச் சூடேற்றினாலே கிடைக்கும், வரும்போது அம்மோனியா நெடியும் வரும். தனியாக விட்டால் அதற்கு ஒரு பலவீனம். வெளிச்சம் பட்டுக் கிளம்பிய எலக்ட்ரான் வேலை செய்வதற்கு முன்பே பழைய குழிக்குள், அதாவது அது விட்டுவந்த காலி இடத்துக்குள், திரும்ப விழுந்துவிடும். பக்கத்தில் வேறு மட்டத்தில் இன்னொரு அடுக்கு ஒட்டியிருந்தால் எலக்ட்ரான் அங்கே தாவிவிடும், குழி இங்கே நிற்கும். எலக்ட்ரான் ஆக்சிஜனோடு சேர்கிறது, குழி சாயத்தையோ தண்ணீரையோ தாக்குகிறது. அடுக்கு மேல் அடுக்கு வைப்பதன் லாபமே இந்தப் பிரிவினைதான். சாயம் அந்த இடத்திலேயே ஒட்டிக் கிடப்பதால் ராடிக்கல் அதைத் தேடிப் போகவும் வேண்டாம்.

இதெல்லாம் நல்லது. பட்டறைக்கு வரும்போது என்ன ஆகிறது?

முதலில் இருட்டு. ஆய்வில் எடுப்பது பெரும்பாலும் லிட்டருக்கு 10, 20 மில்லிகிராம் சாயம். சாயத்தொட்டித் தண்ணீரில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். அந்தத் தண்ணீரில் கையை விட்டால் மணிக்கட்டு தெரியாது. வெளிச்சத்தைச் சாயமே குடித்துவிடும், வினையூக்கிக்குப் போகாது. அடுத்தது உப்பும் சோடாவும். குளோரைடும் கார்பனேட்டும் ராடிக்கலைப் பிடித்து விழுங்கும், போதாக்குறைக்கு வினையூக்கியில் சாயம் உட்கார வேண்டிய இடத்தையும் கார்பனேட் எடுத்துக்கொள்ளும். ஆக, சாயத்தொட்டித் தண்ணீருக்கு இந்தப் பொருள் ஆகவே ஆகாது. இதை யார் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

மூன்றாவது, பொடியைத் திரும்ப எடுப்பது. ஆய்வுக்கூடத்தில் சுழற்றிப் பிரிப்பார்கள். இங்கே பொடி தண்ணீரோடு போய்விடும், காசும் போகும், ஆற்றில் துத்தநாகமும் சேரும். காந்த இரும்பு ஆக்சைடு கலந்த கூட்டைக் காந்தத்தால் இழுக்கலாம். அதைவிட ஓட்டிலோ கண்ணாடியிலோ பூசிவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. பூசினால் மேற்பரப்பு குறையும், வேகம் குறையும், ஆனால் பொருள் நம்மிடமே இருக்கும். நான்காவது, துத்தநாகம் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். வெளியே விடும் தண்ணீரில் துத்தநாகத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரம்பு. pH 7-க்கும் 9-க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் கவலை குறைவு. கோபால்ட் அடுக்கோடு பெர்சல்பேட் வகை மருந்து சேர்க்கும் முறை ஒன்று இருக்கிறது. வெயிலே வேண்டாம், வேகமும் அபாரம். கோபால்ட் கசிந்தால் அது சாயத்தைவிட மோசம் என்பதாலும், குளோரைடு நிறைந்த தண்ணீரில் குளோரின் ஏறிய புதுக் கழிவுகள் உண்டாகலாம் என்பதாலும் அதை நான் ஒதுக்கிவிட்டேன்.

ஐந்தாவது, இடப் பிரச்சினை. தண்ணீர் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் நின்றால் அடிவரை வெளிச்சம் சரியாகப் போகாது. அப்படி ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர்தான். 9,000 லிட்டருக்கு 180 சதுர மீட்டர், ஏறக்குறைய 1,900 சதுர அடி வெயில். அந்த வெயிலில்தான் மூங்கில் கட்டிச் சிட்டம் காயவைக்கிறோம். நூலுக்கா, தண்ணீருக்கா என்று வந்தால் சித்தப்பா நூலுக்குத்தான் கொடுப்பார், அவர் மேல் தப்பும் இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. 9,000 லிட்டரை ஒரே தண்ணீராகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பிழை. சாயத்தொட்டி, முதல் அலசல், இரண்டாம் அலசல், சோப்பு, அப்புறம் இரண்டு அலசல். ஆறு தடவை, தடவைக்கு 1,500 லிட்டர். 75 கிலோ உப்பில் பெரும்பகுதி முதல் தொட்டியிலேயே நிற்கிறது. பிழிந்தெடுத்த 100 கிலோ நூல் தன்னோடு 150 லிட்டர் வாக்கில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும், அதில் ஏழெட்டுக் கிலோ உப்பு. அது முதல் அலசலில் இறங்கிவிடும். இரண்டாம் அலசலில் புதிதாகச் சேரும் உப்பு லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டாது. கடைசி இரண்டு அலசலில் உப்பும் இல்லை, சோடாவும் இல்லை, சாயமும் கொஞ்சம்தான். அதாவது ஆய்வுக்கூடப் பாட்டிலில் இருக்கும் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமமான தண்ணீர் எங்களிடமே 3,000 லிட்டர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சாக்கடையில் விட்டுக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் நான் சொன்ன முடிவு இது. சாயத்தொட்டியும் முதல் அலசலும் சேர்ந்த 3,000 லிட்டர் எதனோடும் கலக்கக் கூடாது. கறுப்பு, நேவி தொட்டியை உப்போடு அப்படியே அடுத்த கறுப்புக்குத் திரும்ப எடுக்கலாம், சித்தப்பா முன்பே சில தடவை செய்திருக்கிறார். மீதி, தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ஆவியாக்கும் பாத்திக்கு. நாளைக்கு 5 மில்லிமீட்டர் வற்றும் என்று வைத்தால் மூன்று பட்டறைக்கும் சேர்த்து 45 சென்ட் நிலம் வேண்டும். நிலம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வற்றாது, நிறையவே செய்யும். அந்த இரண்டு மாதமும் கலர் வேலையைக் குறைத்துக்கொண்டு, கரையை உயர்த்தி வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் திட்டத்தில் பலவீனமான இடம் இதுதான். பொது நிலையம் வந்தால் முதலில் இந்தத் தண்ணீர்தான் அங்கே போக வேண்டும்.

இரண்டாம் அலசலும் சோப்புத் தண்ணீரும் அன்னபேதி, சுண்ணாம்பு, அப்புறம் மணல், மரக்கரி. அழுக்கு உள்ள தண்ணீரில் பாதியை ஒதுக்கிவிட்டதால் சகதியும் அந்த அளவுக்குக் குறையும். கடைசி 3,000 லிட்டர் மட்டும் அடுக்கு வினையூக்கி பூசிய தட்டுகளுக்கு. 60 சதுர மீட்டர், மாடி போதும், மூங்கிலை நகர்த்த வேண்டாம். ராத்திரி தட்டில் நின்று சாயம் ஒட்டட்டும், பகலில் எரியட்டும். தெளிந்த தண்ணீரை ஆற்றில் விடாமல் மறுநாள் முதல் இரண்டு அலசலுக்கே எடுத்துக்கொள்வது. கொஞ்சம் நிறம் மிச்சம் இருந்தாலும் அந்த அலசல்களுக்கு அது தடையில்லை. மழை நாளில் தட்டு வேலை செய்யாவிட்டாலும் யார் கிணற்றுக்கும் கெடுதல் இல்லை. கார்பன் நைட்ரைடும் துத்தநாக-அலுமினிய அடுக்கும் சேர்ந்த கூட்டைத்தான் இதற்கு எடுத்திருக்கிறேன்.

யாராவது உங்கள் பட்டறைக்கும் பொடி கொண்டுவந்தால், உங்கள் தண்ணீரில் செய்யச் சொல்லுங்கள். ஒரு பாட்டிலை இருட்டில் வையுங்கள். பொடியில் சோடா ஊற்றிப் பாருங்கள். அதே பொடியை ஐந்தாவது தடவையும் பயன்படுத்திக் காட்டச் சொல்லுங்கள். நிறத்தோடு சி.ஓ.டி.யையும், கரைந்த உலோகத்தையும் பார்க்கக் கொடுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

சித்தப்பா முதலில் வாங்கியது வினையூக்கி இல்லை, மூன்று குழாயும் மூன்று வால்வும். அலசுகிற அக்காக்களுக்குக் குழப்பம் வரக் கூடாது என்று சிவப்பு, மஞ்சள், வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறார். முதல் வாரம் இரண்டு தடவை மாறிப் போனது, இப்போது சரியாகிவிட்டது. பூசிய ஓடுகள் நாலு மட்டும் மாடியில் தாம்பாளத்தில் கிடக்கின்றன. நேற்றோடு ஏழாவது சுற்று. பத்து முடிந்ததும் தண்ணீரில் துத்தநாகம் பார்க்கக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் மீதி ஓடுகளுக்குச் சொல்வதாக மூன்று பட்டறைக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.